பட்டறையில் நடப்பதும் ஆராய்ச்சிதான்

(சிறுதொழில் செய்யும் குடும்பங்களுக்காகக் கிள்ளானில் நடந்த சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையையும் பட்டறையையும் பூட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒரு நாள் வருமானம் போகிறது என்பது எனக்குத் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கூட்டங்களில் கோயில் உடைப்பு, குடியுரிமை, தடுப்புக் காவல் மரணம், தமிழ்ப்பள்ளி நிலம் என்றுதான் வழக்கமாகப் பேசுவோம். இன்று அரசாங்கத்தின் ஆராய்ச்சி மானியத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நம் தோழர் ஒருவரே சிரித்துவிட்டார். "நம்ம ஆளுங்களுக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன சார் சம்பந்தம்? அதெல்லாம் வெள்ளைக் கோட்டு போட்டவங்க சமாச்சாரம்" என்றார்.

அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். இந்த நாட்டின் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-ல் தொடங்கியது. அதை நடத்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஏற்றுமதியாகும் ரப்பர் மீது விதித்த தீர்வையிலிருந்து வந்தது. அந்த ரப்பரைப் பெரும்பகுதி சீவியது யார்? உங்கள் தாத்தாவும் பாட்டியும்தான்! சுங்கை பூலோவில் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்தது. அங்கே வேலை செய்த நம் மக்களின் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளியும் இருந்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மர வகை உலகப் புகழ் பெற்றது. எந்த மரம் எவ்வளவு பால் தருகிறது என்று அதிகாரி நோட்டில் எழுதினார் என்றால், விடியற்காலை இருட்டில் தலைவிளக்கு கட்டிக்கொண்டு போய் மரத்தைச் சீவி, வாளியில் பாலைக் கொண்டு வந்து கொடுத்த கை ஒன்று இருந்தது அல்லவா? அந்தக் கை நோட்டில் எதையும் எழுதவில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. இன்று அந்த நிலத்தின் பெரும்பகுதியில் குவாசா டாமான்சாரா நகரம் எழும்பிக்கொண்டிருக்கிறது.

ஆகவே ஆராய்ச்சிப் பணம் என்றால் நமக்குச் சம்பந்தமில்லாத பணம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நாம் கேட்பது பிச்சை அல்ல. ஆனால் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. அதில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணனின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தோட்டத்து ஆலையில் மெக்கானிக்காக இருந்தவர். தோட்டம் மூடியதும் நஷ்ட ஈடாகக் கிடைத்த பணத்தில் ஒரு பழைய லேத் மெஷின் வாங்கி, கடைவீட்டின் பின்புறம் சிறு பட்டறை போட்டார். அவர் மனைவி காலையில் இடியப்பம் பிழிந்து விற்பவர். தினமும் பிழிந்து பிழிந்து அந்த அக்காவின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதைப் பார்க்கச் சகிக்காமல் அண்ணன் மோட்டார் வைத்து இடியப்பம் பிழியும் இயந்திரம் ஒன்றைச் செய்ய இறங்கினார்.

முதலில் இரும்புக் குழாய். மாவு சூடேறி ஒட்டிக்கொண்டது. அடுத்து அலுமினியம். மாவின் நிறம் மாறியது. பிறகு துருப்பிடிக்காத எஃகு. இப்போது மோட்டாரின் வேகத்தில் இழை அறுந்து அறுந்து விழுந்தது. பழைய துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து கழற்றிய பாகத்தை மாட்டி வேகத்தைக் குறைத்தார். அச்சின் துளையை மூன்று முறை மாற்றினார். இரண்டு வருடம்! கடைசியில் கையால் பிழிந்தது போலவே மெல்லிய இழை வந்தது.

இதற்குப் பெயர் என்ன? ஒரு பிரச்சினை, ஒரு யோசனை, ஒரு சோதனை, தோல்வி, மறுபடி மாற்றம், மறுபடி சோதனை. பல்கலைக்கழகத்தில் இதைத்தான் ஆராய்ச்சி மேம்பாடு என்கிறார்கள். நம் பட்டறையில் இதற்கு "நோண்டிக்கிட்டு இருக்கான்" என்று பெயர்.

யாரோ மானியம் பற்றிச் சொல்ல, அவர் ஒரு பிளாஸ்டிக் பையில் கையில் கிடைத்த காகிதங்களையெல்லாம் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். பாரத்தைப் பிரித்தோம். உங்கள் பொருளில் புதுமை என்ன? சந்தையில் இருப்பதிலிருந்து எப்படி வேறுபடுகிறது? எந்தச் சோதனை முடிவு அதைக் காட்டுகிறது? ஒவ்வொன்றுக்கும் அண்ணன் சொன்ன பதில் ஒன்றுதான்: "நல்லா வேலை செய்யுது சார், வந்து பாருங்க."

உண்மைதான், நன்றாகவே வேலை செய்தது. நான் அந்த இடியப்பத்தைச் சாப்பிட்டும் இருக்கிறேன். ஆனால் விண்ணப்பத்தைப் படிக்கும் குழு சாப்பிட வராது. அவர்கள் காகிதத்தைத்தான் பார்ப்பார்கள். காகிதத்தில் என்ன இருந்தது? தொழில் பதிவு மனைவி பெயரில், அதுவும் இரண்டு வருடமாகப் புதுப்பிக்கப்படவில்லை. வங்கிக் கணக்கு அவர் சொந்தப் பெயரில். எஃகு வாங்கியதற்கு ரசீது இல்லை. வருமான வரிப் பாரம் அனுப்பியதே இல்லை. சோதனை செய்ததற்கு ஒரு வரி எழுத்து இல்லை. எப்படியோ எழுதி அனுப்பினோம். சில மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: வருந்துகிறோம்.

"நான் தமிழன், அதான் கொடுக்கலை" என்றார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தப் பாரத்தை நான் அனுப்பினாலும், ஒரு டத்தோ அனுப்பினாலும் அதே பதில்தான் வந்திருக்கும் என்பதையும் அவரிடம் சொன்னேன்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும். அண்ணன் தன் இயந்திரத்தை ஓர் உணவுக் கண்காட்சியில் வைத்து எல்லோருக்கும் ஓட்டிக் காட்டியிருந்தார். என்னிடம் வந்தபோது அது நடந்து பத்து மாதம் ஆகியிருந்தது. நம் நாட்டின் 1983-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, கண்டுபிடித்தவரே பொதுவில் காட்டிவிட்டாலும், காட்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுச் செய்தால் அந்தக் காட்சி அவருக்கு எதிராகக் கணக்கில் எடுக்கப்படாது. பெரிய கண்டுபிடிப்பாக இல்லாத சிறு முன்னேற்றங்களுக்கும் பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. நம் பட்டறைகளுக்கு ஏற்றது அதுதான். "இதை யாருக்காவது காட்டினீர்களா, எப்போது காட்டினீர்கள்?" என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். சட்டம் படித்தவன் நான். மானியப் பாரத்திலேயே கண்ணாக இருந்து, அதைக் கேட்கவில்லை. கேட்டபோது பதின்மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்று அவர் ஊரிலேயே இன்னொரு கடை அதே மாதிரி இயந்திரத்தைச் செய்து விற்கிறது. நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே தயவுசெய்து கேளுங்கள். புதிதாக ஒன்றைச் செய்தால், வாட்ஸ்அப்பிலும் கண்காட்சியிலும் காட்டுவதற்கு முன்னால் அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில், மைஐபிஓ என்று சொல்வார்களே, அங்கே போய் விசாரியுங்கள். காட்டிவிட்டீர்களா? காட்டிய தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு ஓடுங்கள்.

இரண்டாம் முறை வேறு மாதிரி செய்தோம். அண்ணனின் மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். தம்பியின் பழைய பள்ளி நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களைக் கிழித்துத் தைத்து, அப்பாவின் பட்டறை மேசையில் வைத்தாள். தேதி, என்ன மாற்றினோம், எத்தனை கிலோ மாவு, எத்தனை நிமிடம், என்ன ஆயிற்று. தினமும் நான்கு வரி, பேச்சுத் தமிழில். ஏழு மாதம் எழுதினார்கள். பழைய இயந்திரத்தைப் பற்றி அல்ல. சுலபமாகக் கழற்றிக் கழுவக்கூடிய புதிய வடிவத்தைப் பற்றி. அவளுடைய விரிவுரையாளர் ஒருவர் பாகங்களை அளந்து பார்த்துக் கடிதம் கொடுத்தார். மாவுடன் உலோகம் சேருகிறதா என்று சோதனைக்கூடத்தில் காசு கட்டிப் பரிசோதித்தார்கள். இதற்கிடையில் தொழில் பதிவைப் புதுப்பித்து, பிறகு சென்டிரியான் பெர்ஹாட் கம்பெனியாக மாற்றினார்கள்.

கம்பெனி என்றதும் பயப்பட வேண்டாம். 2016-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் 2017 ஜனவரி 31 முதல் அமலுக்கு வந்த பிறகு ஒரே ஆள் கூட கம்பெனி தொடங்கலாம். பதிவுக் கட்டணம் 1,000 வெள்ளி. அது போதுமா என்றால் போதாது. கம்பெனிச் செயலாளருக்கு மாதாமாதம் கட்ட வேண்டும், கணக்கு ஒப்படைக்க வேண்டும். எல்லோரும் இன்றே கம்பெனி ஆரம்பியுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொந்தப் பெயரில் தொழிலைப் பதிவு செய்ய வருடத்துக்கு 30 வெள்ளி, கடைக்கென்று தனிப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. குறைந்தபட்சம் அதையாவது உயிரோடு வைத்திருங்கள். பல ஆராய்ச்சி மானியங்கள் கம்பெனிக்கு மட்டும்தான். எது கம்பெனிக்கு, எது தனிநபருக்கு என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விண்ணப்பம் எழுதியபோது மகள்தான் மலாயில் எழுதினாள். ஆனால் குழுவின் முன்னால் போய் விளக்கியது அண்ணன். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கோட்டு சூட்டு போட்ட ஆலோசகர் பேசினால் அவர்கள் கேட்கும் மூன்றாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். அண்ணன் உடைந்த மலாயில், முதல் குழாய் ஏன் தோற்றது என்று நோட்டைத் திறந்து காட்டினார். தோல்வியைச் சொல்லாதே என்று சிலர் அறிவுரை சொன்னார்கள். தவறு! தோற்றதுதான் ஆராய்ச்சி நடந்ததற்குச் சாட்சி.

கிடைத்தது. 60,000 வெள்ளித் திட்டத்தில் அரசாங்கம் பாதி, 30,000.

கை தட்டாதீர்கள், கதை முடியவில்லை. மீதிப் பாதி யார் கொடுப்பது? அண்ணன்தான். அதுவும், முதலில் அவர் செலவு செய்து ரசீது காட்டினால்தான் அரசாங்கத்தின் பங்கு வரும். இதைப் பொருத்து மானியம் என்பார்கள். அக்காவின் நகை அடகுக் கடைக்குப் போனது. பணம் வந்து சேர நாலைந்து மாதம் ஆனது. அந்த மாதங்களில் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கையில் காசு இருப்பவனுக்கு மேலும் காசு, இல்லாதவனுக்கு வட்டி. இந்த ஏற்பாடு வறிய குடும்பங்களைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறது. குறுந்தொழில்களுக்கு முதல் தவணையை முன்பணமாகக் கொடு என்பது நம் இயக்கத்தின் கோரிக்கையாக வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: என் பங்கு எவ்வளவு? பணம் முன்னால் வருமா, பின்னால் வருமா? ரசீது கொடுத்தால் எத்தனை நாளில் வரும்? பதில் திருப்தியாக இல்லையென்றால் கையெழுத்துப் போடாமல் திரும்பி வருவதும் புத்திசாலித்தனம்தான். ஆலோங்கிடம் கடன் வாங்கி மானியத்துக்குப் பங்கு போடாதீர்கள்.

இனி, எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி. நமக்குக் கொடுப்பார்களா?

சில கதவுகள் நமக்கு மூடியவை. அதை மறைத்துப் பேசுவது பொய். மாராவின் தொழில் உதவிகள், தெராஜூ நடத்தும் பூமிபுத்ரா தொடக்க நிறுவனங்களுக்கான சுபெர்ப் மானியம் போன்றவை நமக்கல்ல. ஆனால் எல்லாக் கதவும் மூடியவை என்று நினைத்து ஒரு கதவையும் தட்டாமல் இருக்கிறோமே, அது நமக்கு நாமே போட்டுக்கொண்ட பூட்டு. அரசியலமைப்பின் 8-ஆவது விதி, அரசியலமைப்பே வெளிப்படையாக அனுமதித்தவை தவிர, இனத்தைக் காரணம் காட்டி வியாபாரத்திலும் தொழிலிலும் பாகுபாடு கூடாது என்கிறது. 153-ஆவது விதியைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அதன் ஒன்பதாவது உட்பிரிவை யாரும் படித்துக் காட்டுவதில்லை. மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடியினருக்கும் ஒதுக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே வியாபாரத்தைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு இந்த விதி அதிகாரம் தரவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது.

அறிவியல் தொழில்நுட்ப அமைச்சின் நிதிகள், எம்.டி.டி.சி. எனப்படும் மலேசியத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் கழகத்தின் வணிகமயமாக்க நிதி, கிரேடல் நிதி நிறுவனம் ஆகியவற்றில் பொதுவாகக் கேட்பது மலேசியர் உரிமை எவ்வளவு என்பதைத்தான். உங்கள் இனத்தை அல்ல. கிரேடல் 2021-ல் அறிமுகப்படுத்திய ஸ்பார்க் மானியம் 150,000 வெள்ளி வரை, ஸ்பிரிண்ட் 600,000 வெள்ளி வரை. இவை பெரும்பாலும் தொழில்நுட்பப் பொருள் செய்யும் இளைஞர்களுக்கானவை. படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். பட்டறைக்காரர்கள், வீட்டிலிருந்து செய்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது 2008-ல் அமைக்கப்பட்ட மலேசியப் புத்தாக்க அறவாரியம், அதாவது யாயாசான் இனோவாசி மலேசியா. "ஜெஜாக் இனோவாசி" என்று கிராமம் கிராமமாகப் போய்ச் சாதாரண மக்களின் கண்டுபிடிப்புகளைத் தேடியவர்கள் அவர்கள். அவர்கள் நம் குடியிருப்புக்கு வராவிட்டால், நாம் அழைத்துக் கடிதம் எழுத வேண்டும்.

நிதிகளின் பெயரும் தொகையும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஒன்பதாவது மலேசியத் திட்டக் காலத்தில் டெக்னோஃபண்ட், இன்னோஃபண்ட் என்று இருந்தன. இன்று வேறு பெயர்கள். ஆகவே மூன்று வருடத்துக்கு முந்தைய பாரத்தை நண்பரிடம் வாங்கி நிரப்பாதீர்கள்.

இன்னொரு குழப்பம். "தெக்குன்ல மானியம் வாங்கினேன்" என்று பலர் சொல்கிறீர்கள். அது மானியம் அல்ல. இந்தியத் தொழில் முனைவோருக்கான ஸ்பூமி என்பது கடன். திருப்பிக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அடுத்த விண்ணப்பத்தில் அது உங்களைத் துரத்தும். 2024-ல் "ஸ்பூமி கோஸ் பிக்" என்று தொகையை உயர்த்தினார்கள், அதுவும் கடன்தான். அரைத்து விற்கும் மசாலாவுக்கு இரண்டாவது அரவை இயந்திரம் வாங்குவதற்குக் கடன் சரி. அந்த மசாலா பூஞ்சை பிடிக்காமல் ஒரு வருடம் இருக்க என்ன செய்வது என்று சோதித்துப் பார்ப்பதற்கு ஆராய்ச்சி மானியம். வேன், வாடகை, பழைய கடன், இவற்றை ஆராய்ச்சிச் செலவு என்று எழுதினால் பாரம் குப்பைக்குப் போகும். உணவுத் தொழில் செய்பவர்கள் மார்டியையும், மற்றவர்கள் சிரிமையும் அணுகுங்கள். சோதனை அறிக்கை ஒன்று கையில் இருந்தால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

வருமான வரி பற்றி ஒரு வார்த்தை. வருமானத்தைக் காட்டினால் உதவித் தொகை போய்விடுமே என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. பயம் நியாயமானது. ஆனால் வருமானமே இல்லை என்று ஓரிடத்தில் எழுதிவிட்டு, என் தொழில் வளர்கிறது, பணம் கொடு என்று இன்னோர் இடத்தில் எழுத முடியாது. இரண்டில் ஒன்றைக் குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

இடைத்தரகர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் வழக்கறிஞனே அல்ல. "உள்ளே ஆள் இருக்கு, வாங்கித் தர்றேன், பாதி எனக்கு" என்று வருவார்கள். நம் மொழியில் பேசுவார்கள், நம் கோயிலில் மாலை போட்டுக்கொள்வார்கள். பாரம் எழுதித் தருவதற்குக் கூலி வாங்குவது குற்றமல்ல. அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும் என்று வாங்கினால் அது லஞ்சம். அதைவிட நம் மக்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பொய் ரசீதில். 5,000 வெள்ளிப் பொருளுக்கு 15,000 என்று ரசீது போட்டுக் கொடுக்கக் கடைக்காரர் தயாராக இருப்பார். 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு அதற்கென்றே இருக்கிறது. சிறை இருபது வருடம் வரை. அபராதம் அந்தத் தொகையின் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, எது அதிகமோ அது. தரகர் ஓடிவிடுவார். கையெழுத்து உங்களுடையது! 2021-ல் மித்ரா நிதி தொடர்பாக ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்திப் பலரைக் கைது செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். நம் சமுதாயத்துக்கென்று ஒதுக்கிய பணம். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வந்த கோபத்தை இங்கே சொன்னால் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேண்டாம்.

மறுத்துவிட்டால்? அழுதுவிட்டு உட்காராதீர்கள். காரணம் கேட்டு எழுத்தில் கடிதம் அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்க முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு கேட்க வழி உண்டு. முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டதிலிருந்து மூன்று மாதம்தான் கெடு. 30,000 வெள்ளி மானியத்துக்காக நீதிமன்றம் போகச் சொல்ல மாட்டேன், என் கட்டணமே அதை விழுங்கிவிடும். ஆனால் அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை நம்மிடம் கொடுங்கள். ஒரு குடும்பத்தின் மறுப்புக் கடிதம் ஒரு வருத்தம். ஐம்பது கடிதம் இருந்தால், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை இந்தியருக்குக் கிடைத்தது, எதனால் மறுத்தீர்கள் என்று நாடாளுமன்றத்தில் கேள்வி போடச் சொல்லலாம். இன்று அதைக் கேட்டால், "இந்தியர்கள் விண்ணப்பிப்பதே இல்லை" என்று ஒரே வரியில் நம் வாயை அடைத்துவிடுவார்கள். அவர்களிடமிருந்து அந்தப் பதிலைப் பிடுங்க வேண்டும்.

பின்னால் மேசையில் பள்ளி நோட்டுகள் அடுக்கியிருக்கின்றன. இளைஞர் பிரிவுத் தம்பிகள் வாங்கி வைத்தவை. போகும்போது வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டு, என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும், மொழிபெயர்ப்பதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

சரி, கேள்விகளுக்கு வருவோம். ஊறுகாய் போத்தலோடு முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்கா ஆரம்பத்திலிருந்தே கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். நீங்கள் கேளுங்கள், அக்கா. அதை இதுவரை யாருக்கெல்லாம் காட்டியிருக்கிறீர்கள் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.